மா என்றால் எந்த மா?

மேடை ஏறும் வரைக்கும் ரிஃப்னாவுக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மலையூரான நோர்வூட்டில் விடாமல் கொட்டும் மழைகூட அன்றைக்கு லீவு போட்டிருந்தது.

பாடசாலையில் உணவு விழா. வகுப்புக்கு ஒரு பலகாரம். ஐந்தாம் வகுப்பின் பங்கு சோள ரொட்டி. அதைத் தேர்ந்தெடுத்தவளே ரிஃப்னாதான். காரணம், ஷாமிலா.

ஷாமிலாவுக்குக் கோதுமை ஆகாது. பேக்கரிப் பாண் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் வயிறு புரட்டி எடுத்துவிடும். போன வருடம் யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விழா என்றால் மற்றவர்களெல்லாம் ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் மொய்ப்பார்கள். அவள் மட்டும் மூலையில் உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறப்பாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

"இந்த வருஷம் நீ எங்களோடதான் தின்னணும்," என்று ரிஃப்னா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வீடு தேடிப் போய் அவள் அம்மாவிடமும் கேட்டாள். "ஒரு பொட்டு கோதும மாவும் படாது ஆன்ட்டி. நான் பாத்துக்கிறேன்."

அந்த அம்மா வெகுநேரம் யோசித்தார். "உன்னை நம்பித்தான் விடுறேன் புள்ள," என்றார் கடைசியில்.

ரிஃப்னாவும் கவனமாகத்தான் இருந்தாள். வாப்பாவின் கடையில் காய்ந்த சோளம் எடுத்து, வீட்டிலேயே அரைத்தாள். அன்று காலையில் பாதி மாவைச் சுடுதண்ணீர் ஊற்றிப் பிசைந்து, மீதியை ஒரு டின்னில் மூடிக் கொண்டுவந்தாள். ரொட்டி தட்டுவது பூரணியின் வேலை. பூரணி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் தினமும் ரொட்டி தட்டுகிறவள். அவளைப் போல் வட்டமாகத் தட்ட வகுப்பிலேயே ஆள் கிடையாது.

மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டு, கேஸ் அடுப்பு வைத்திருந்தார்கள். மேடையிலிருந்து கூப்பிட்டதும் ரிஃப்னா அவசர அவசரமாகச் சொன்னாள்.

"பூரணி, நான் பேசப் போறேன். ஒட்டுச்சுன்னா கொஞ்சம் மா தூவிக்க."

"சரி, நீ போ. பேச்ச மறந்துட்டு முழிக்காத!"

மேடைக்கு முன்னால் கல்வி அதிகாரி அம்மாவும் சிவகாமசுந்தரி டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். ரிஃப்னா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சோளம், அதாவது மக்காச்சோளம், பிறந்த இடம் மெக்சிகோ நாட்டுப் பக்கம். பல ஆயிரம் வருடங்களாக அங்கே சோளம் பயிரிடுகிறார்கள். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, நம் அம்மியைப் போன்ற கல்லில் அரைத்து, ரொட்டி சுட்டார்கள்."

"வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பா?" என்று பின்னாலிருந்து அவள் வகுப்பு நிரோஷன் கத்தினான்.

மண்டபமே சிரித்தது. ரிஃப்னாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சுண்ணாம்புதான். ஆனா பாக்கு போடல்ல," என்றாள்.

அந்த நேரம் பூரணி முதல் ரொட்டியைத் தட்டில் வைத்து ஷாமிலாவிடம் நீட்டினாள். ஷாமிலாவின் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"அந்தக் காலத்தில் அவர்களிடம் கோதுமையே இல்லை. அது பிறகுதான் கப்பலில்..."

ரிஃப்னாவின் பேச்சு நின்றுவிட்டது. ரொட்டி மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. அவள் அரைத்த சோள மா வெள்ளையாக இருக்காதே! பக்கத்து மேசையில் ஆறாம் வகுப்பின் கோதுமை மாப் பை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் 'மா' என்றால் கோதுமை மாதான். கடையில் யாராவது வந்து ஒரு கிலோ மா கேட்டால், எந்த மா என்று வாப்பாகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

ஷாமிலா ரொட்டியைப் பிய்த்துவிட்டாள். கை வாய்க்குப் போகிறது.

"தின்னாத! ஷாமிலா, கீழ போடு!"

மைக் கீச்சென்று கத்தியது. ஷாமிலா பயந்து ரொட்டியை நழுவவிட்டாள். ரிஃப்னா மேடையிலிருந்து குதித்து ஓடினாள்.

"வாயில பட்டுச்சா?"

"இல்ல... ஏன்?"

"கோதும மா! ஓடு, சோப்புப் போட்டுக் கையக் கழுவு!"

பூரணிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீதானே மா தூவச் சொன்ன? ஆறாம் வகுப்புக்காரங்ககிட்ட ஒரு கை வாங்கி..." என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ!"

"எல்லாம் பூரணியாலதான்," என்றான் நிரோஷன்.

"நீ வாய மூடு! பூரணி என்ன செய்வா? நான்தான் மொட்டையா 'மா'ன்னு சொன்னேன். 'சோள மா'ன்னு சொல்லியிருக்கணும்." ரிஃப்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கை கழுவிவிட்டு வந்த ஷாமிலா மெதுவாகச் சொன்னாள். "பரவால்ல ரிஃப்னா. சோறு கொண்டாந்திருக்கேன்."

அந்தப் 'பரவால்ல'வைத்தான் ரிஃப்னாவால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், டின்ல இன்னும் சோள மா இருக்கு. மூடியே தொறக்கல்ல. வேற ரொட்டி சுடுறோம்!"

"அதிகாரி அம்மா பத்து நிமிஷத்துல கிளம்பணுமே," என்று டீச்சர் தயங்கினார்.

"பத்து நிமிஷம் போதும் டீச்சர்!"

ரொட்டிக்கல்லை மூன்று தரம் தேய்த்துக் கழுவினார்கள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டார்கள். வேறு மேசை, வேறு கோப்பை. டீச்சர் ஒரு வாழை இலையைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஷாமிலா, நீயும் கிட்ட நின்னு பாரு. சந்தேகம்னா உடனே சொல்லு," என்றாள் ரிஃப்னா.

மா பிசைந்தாயிற்று. பூரணி ஓர் உருண்டையைக் கையில் எடுத்தாள். "மா தூவாம எப்புடித் தட்டுறது? ஒட்டுமே!"

ரிஃப்னா யோசித்தாள். "கோதுமையே இல்லாத ஊர்ல அவங்க எதத் தூவியிருப்பாங்க? தண்ணியத் தொட்டுத் தட்டிப் பாரு."

முதல் ரொட்டி உடைந்தது. இரண்டாவது இலையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதிகாரி அம்மா எழுந்துவிட்டார். போகப்போகிறார் என்று நினைத்தார்கள். அவரோ நேரே மேசைக்கு வந்து நின்றார்.

"இலையோட கல்லுல கவுத்துடு பூரணி. அப்புறம் இலைய உரி!"

பூரணி கவிழ்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இலையை உரித்தாள். ரொட்டி கல்லில் தங்கிவிட்டது!

வெந்து இறங்கிய ரொட்டி வட்டமாக இல்லை. ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் இளைத்திருந்தது. பூரணிக்கு அது பெரிய வெட்கம். ஷாமிலா தட்டை வாங்கினாள், பிய்த்தாள், வாயில் போட்டாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்புடி இருக்கு?" என்றாள் ரிஃப்னா.

ஷாமிலா நிதானமாக மென்றாள். "உப்பு இல்ல," என்றாள்.

ரிஃப்னா தலையில் அடித்துக்கொண்டாள். பூரணி அழுதுகொண்டே சிரித்தாள். அதிகாரி அம்மாவும் வாய்விட்டுச் சிரித்தார்.

ஷாமிலா ரொட்டியைக் கடைசித் துண்டு வரைக்கும் தின்று முடித்தாள். பிறகு காலித் தட்டை நீட்டி, "இன்னொன்னு குடு," என்றாள். ஒரு விழாவில் அவள் இன்னொன்று கேட்டது அதுதான் முதல் தடவை.