எப்சியின் அசனச் சோறு

வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரோடு ஒரு சோற்றுப் பருக்கையும் விழுந்தது. வாஷ்பேசினின் வெள்ளையில் அது, ஓரத்தில் மட்டும் குழம்பின் மஞ்சள் ஏறி, போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. கிரேஸ் டீச்சர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அவள் சோற்றில் கைவைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மோரும், புரதப் பொடி கரைத்த பாலும், வடிகட்டிய சூப்பும்தான் ஆகாரம். வீட்டில் உலை வைப்பதையே நிறுத்தியாயிற்று. கணவர் கிருபைராஜ் மெஸ்ஸில் சாப்பிட்டு, வாசனை வரக்கூடாதென்று வாயையும் கழுவிக்கொண்டுதான் படியேறுகிறார்.

பல்லிடுக்கில் கிடந்த பழைய பருக்கை என்று சொல்லிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். இத்தனை நாளாகவா கிடந்தது என்று கேட்க அங்கே யாருமில்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் கிரேஸ் டீச்சரிடம் எதிர்க்கேள்வி கேட்டுப் பழகியவர்கள் குறைவு.

உடம்பு எடை குறைய வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் அவளுக்கு நடக்கவிருந்தது. அதற்கு முன்னால் இருக்கவேண்டிய பத்தியம்தான் இது. சர்க்கரை ஏறிப்போய், முழங்கால் இரண்டும் படியைக் கண்டாலே அழுதன. டாக்டரைத் தேர்ந்தெடுக்க, மாப்பிள்ளை பார்க்கிற வீட்டைப்போல விசாரித்தாள். இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், தையல் விட்டுக் கசிந்தால் என்ன செய்வீர்கள், ராத்திரியில் யார் பார்ப்பார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில்தானா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் அனுராதா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். வருஷக்கணக்காக இதையே செய்கிற கை. "இப்படிக் கேக்குத ஆளுகதான் பொழச்சிக்கிடுவாங்க டீச்சர்" என்று சிரித்தார்.

இத்தனையும் கேட்கத் தெரிந்தவள், நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொரு வயிற்றுக்காக இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

அது எப்சியின் வயிறு. எப்சி, கிருபைராஜின் தங்கை. கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தவள். நல்ல பருமன். கிரேஸ் பள்ளிக்கூடம் போய்வந்த காலமெல்லாம் அவள் மகளை இடுப்பில் வைத்து வளர்த்தது எப்சிதான். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியதால் அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. சோற்றை உருட்டிக் குழந்தையின் வாயில் வைக்கும்போது அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு குழந்தையின் கன்னத்தில் உரசும். "ஆ காட்டு" என்பாள். குழந்தை சிரித்துக்கொண்டே வாங்கும்.

மெலிந்தால்தான் மாப்பிள்ளை வருவான் என்று அவளை ஆபரேஷனுக்குக் கிளப்பியது கிரேஸ். அப்போது கிரேஸின் தம்பி மகன் படிப்பு முடிந்து புதிதாக ஒரு ஆஸ்பத்திரி திறந்திருந்தான். புதுக்கடை திறந்தால் சொந்தக்காரர்தான் முதல் போணி பண்ணவேண்டும் என்பது இந்தச் சீமையில் வழக்கம். ஜவுளிக்கடைக்கு உள்ள வழக்கத்தை கிரேஸ் ஆஸ்பத்திரிக்கும் செய்தாள். "நம்ம பிள்ளைக்கு நாமளே போணி பண்ணலன்னா, ஊரான் எப்படி வருவான்?" என்றாள். தம்பி மகனோ, இந்த ஆபரேஷனில் பெரிய டாக்டர்களோடு கூட நின்று பார்த்தவன், அவ்வளவுதான். போணியாகப் போனது எப்சி.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரத்தில்தான் அந்த வருஷத்துச் சபை அசனம். வருஷத்துக்கு ஒருநாள் கடா வெட்டி, சோறு வடித்து ஓலைப்பாயில் மலையாகக் கொட்டி, ஊர் முழுக்க ஒரே பந்தியில் சாப்பிடுகிற விருந்து. சபையில் யாரையும் வேண்டாமென்று சொல்லாத சாப்பாடு அது ஒன்றுதான். எப்சி மூலையில் ஒரு இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். "ஒரே ஒரு வாய் மைனி, அசனச் சோறுல்லா" என்றாள் அண்ணியிடம். கிரேஸ் எல்லார் முன்னாலும் இலையை உருவினாள். "எந்திரிட்டி. வாயக் கட்டத் தெரியாத முண்டம்."

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் எப்சிக்குக் காய்ச்சல். நெஞ்சு படபடத்தது. வயிறு நெருப்பாக எரிகிறது என்று அழுதாள். தம்பி மகன் முகம் வெளுத்து, "அத்தை, திங்க ஏதும் குடுத்தியளா?" என்று கேட்டான். அவன் பெயர் கெட்டுவிடக்கூடாதே என்று கிரேஸ் சட்டென்று சொன்னாள். "கள்ளத்தீனி தின்னிருப்பா. அவளப் பத்தி எனக்குத் தெரியாதா?" எப்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் திங்கல மைனி. ஏசப்பா அறிய, ஒரு பருக்கை திங்கல." யாரும் நம்பவில்லை. தையல் விட்டு உள்ளே கசிவதைக் கண்டுபிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போதும் கிரேஸ் அதையேதான் சொன்னாள். சபையும் தலையாட்டியது. செத்தவள் எழுந்துவந்து இல்லையென்று சொல்லப்போகிறாளா என்ன?

பருக்கை விழுந்ததற்கு மறுநாள் விடிகாலையில் உதடு பிசுபிசுத்தது. விரலால் துடைத்து முகர்ந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு. மல்லியும் மிளகும் வறுத்து அரைத்து, பெரிய அண்டாவில் விறகுப் புகையோடு கொதித்த குழம்பின் மணம். வீட்டுக் குழம்புக்கு அந்தப் புகை மணம் வராது. கிருபைராஜை எழுப்பினாள்.

"ஏங்க, கறி எதுவும் வாங்கிட்டு வந்தியளா?"

"நான் எதுக்கு வாங்குதேன்? பசியில ஒனக்கு அப்படித் தோணுது. படு."

ஆனால் அவளுக்குப் பசியே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. பட்டினி கிடப்பவளுக்கு வயிறு கும்மென்று நிறைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நியாயமாக இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருந்தது. டாக்டர் அனுராதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. வீட்ல கள்ளத்தீனி ஏதும் சாப்பிடுதீங்களா?"

கிரேஸுக்குக் காது இரண்டும் சுட்டன. அந்தச் சொல்லை அவள் மற்றவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். "நான் ஒண்ணும் சாப்பிடல டாக்டர்" என்றாள். தன் குரலிலேயே வேறொருத்தியின் அழுகை கேட்டதைப்போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருபைராஜ் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத்து அசனம். கிரேஸ் போகவில்லை. கிருபைராஜ் மட்டும் போனார். சாயங்காலம் மின்சாரம் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டே வர, தெருவில் தூக்குச்சட்டிகளில் அசனச் சோறு கொண்டுபோகிறவர்களின் பேச்சும் செருப்புச் சத்தமும் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்க, வீட்டுக்குள் புழுக்கமும் கொசுவும் அவளுமாக மிச்சப்பட்டபோது, அடுக்களைத் தரையில் யாரோ கனமாகச் சம்மணம் போட்டு உட்கார்கிற சத்தம் கேட்டது. நல்ல பருமனான ஆள் உட்காரும்போது மூட்டு நோக ஒரு மூச்சு விடுமே, அந்த மூச்சு.

"யாரது?"

இலையைத் தட்டி விரிக்கிற சத்தம். அதன்மேல் தண்ணீர் தெளிக்கிற சத்தம். பிறகு சோற்றைப் பிசைகிறார்கள். சளக், சளக். அவசரமில்லாமல். விறகுப் புகை மணத்தோடு ஆட்டுக் கொழுப்பின் வாடை கூடம் முழுக்கப் பரவியது. வாடைக்கு அடியில் இன்னொன்று. எப்சியைக் கடைசியாகப் படுக்கையில் புரட்டியபோது வந்த அழுகல் நாற்றம்.

எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் எழவில்லை. பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

திறந்திருக்கக் கூடாது.

சூடான கவளம் நாக்கில் விழுந்தது. துப்ப முடியவில்லை. கட்டைவிரல் உள்ளே தள்ளியது. ஏதோ ஒன்று, குச்சியைப்போல, மடங்காமல், கன்னத்தில் உரசியது. விழுங்கினாள். அடுத்த கவளம். விழுங்கினாள்.

கிருபைராஜ் வந்து டார்ச் அடித்தபோது அடுக்களையில் ஒன்றுமில்லை. தரை மட்டும் ஒரு இலையின் அகலத்துக்கு ஈரமாக இருந்தது. கிரேஸ் நாற்காலியில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. கனா."

சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்சியின் பெயரைச் சொல்லவேண்டும். பெயரைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். கிரேஸ் டீச்சருக்கு உயிர் வெல்லம்தான். மானம் அதைவிட வெல்லம்.

ஆபரேஷனுக்கு முந்தைய மாலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் முடியும்வரை வாயில் எதுவும் படக்கூடாது என்று நர்ஸ் தேன்மொழி கட்டிலில் அட்டை கட்டிவிட்டுப் போனாள். விடியும்போது கிரேஸ் கண்விழித்தாள். வயிறு பறைத்தோல் மாதிரி விறைத்திருந்தது. நகக்கண்களில் மஞ்சள். தொண்டைவரைக்கும் சோறு. ஓடிப்போய்ப் பல் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். விரலை விட்டுக் குமட்டிப் பார்த்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. வந்தது உள்ளேயே இருந்தது.

தேன்மொழி வந்து கேட்டாள். "டீச்சர், ராத்திரிக்குப் பொறவு ஏதும் சாப்பிட்டியளா?"

பின்னாலேயே டாக்டரும் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாய் சாப்பிட்டிருந்தாலும் சொல்லிருங்க டீச்சர். ஏச மாட்டேன். இன்னொரு நாள் பண்ணிக்கிடலாம். மயக்கத்துல அது மேல ஏறி மூச்சுக்குழல்ல எறங்கிச்சின்னா, என் அனுபவம் ஒண்ணுக்கும் உதவாது."

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். தேன்மொழி பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி சொல்லி வார்டுக்குத் தெரியும். வார்டு சொல்லி சபைக்குத் தெரியும். கிரேஸ் டீச்சர் கள்ளத்தீனி தின்றாளாம், ஆபரேஷன் நின்றுபோச்சாம்.

"இல்ல டாக்டர். ஏசப்பா அறிய, ஒரு பருக்கை திங்கல."

கிருபைராஜின் தலை குனிந்தது. அதே வார்த்தையை அதே மாதிரி ஒரு கட்டிலில் கேட்டவர் அவர்.

"நம்புதேன் டீச்சர்" என்றார் டாக்டர், அவள் கையைத் தட்டிக்கொடுத்து. உண்மை சொன்னவளை அன்று ஒருத்தரும் நம்பவில்லை. பொய் சொன்னவளை இன்று எல்லாரும் நம்பினார்கள்.

தியேட்டருக்குள் குளிர் எலும்பில் ஏறியது. தலைக்குமேல் வட்ட விளக்கு. சுற்றிலும் உறை போட்ட கைகள். முகமூடி வந்து மூக்கையும் வாயையும் மூடியது. "நல்லா மூச்சு இழுங்க டீச்சர்." ஊசி ஏறிய கை சில்லென்றது.

அப்போதுதான் மணம் வந்தது. விறகுப் புகை. மல்லி. கொழுப்பு.

உறை போட்ட கைகளுக்கு நடுவே ஒரு கை. உறை இல்லாத கை. உப்பிப்போன, மணிக்கட்டுவரை சோறு ஒட்டிய கை. யாரும் அதை விலக்கவில்லை. யாருக்கும் அது தெரியவில்லை.

சாப்பிட்டேன் டாக்டர். நிறுத்துங்க. சாப்பிட்டேன்.

நாக்கு புரளவில்லை. இமை பாதியில் நின்றது. வயிற்றுக்குள் இருந்தது மெல்ல எழும்பி நெஞ்சுக்கு வந்தது.

"நல்லாத் தூங்குதாங்க" என்றது ஒரு குரல்.

"ஆ காட்டுங்க மைனி" என்றது காதோரம் இன்னொரு குரல், குழந்தைக்குச் சொல்வதுபோல அத்தனை பிரியமாக.

விளக்கு வட்டத்துக்கு அந்தப்பக்கம், சுவர்வரைக்கும் ஓலைப்பாய் விரிந்து, ஆவி பறக்கச் சோறு மலையாகக் குவிந்திருந்தது. அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவள் அவசரமே இல்லாமல் அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை.