மாடி அறையில் மூன்றாவது திருட்டு

காலை ஏழரை மணி. இரவுப் பணி முடிந்து திரும்பிய நர்ஸ் பூட்டைத் திறந்து உள்ளே வந்தாள். அலமாரிக் கதவு திறந்திருந்தது. இறந்துபோன அம்மாவின் சங்கிலி இருந்த டப்பா காலியாகக் கிடந்தது.

எட்டரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். ஒரே அறை. மூலையில் அடுப்பு, எதிரே கட்டில், தடுப்புக்குப் பின்னால் குளியலறை. கதவுப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார். தோளைக் கொடுத்து முட்டியும் அது அசையவில்லை.

ஜன்னல் சட்டத்துக்கு முந்தாநாள்தான் பெயிண்ட் அடித்ததாக வீட்டுக்கார அம்மா சொன்னார். நேற்றுச் சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது, அதுவரை திறந்தே இருந்த ஜன்னலைச் சாத்தியது தான்தான் என்றாள் நர்ஸ். சரியாகக் காயாத பெயிண்ட் இரவோடு இரவாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருவருக்குமே அது அப்போதுதான் தெரிந்தது.

கீழ்வீட்டில் தனியாக இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம்தான் மாற்றுச் சாவி இருந்தது. முன்பு குடியிருந்த இரண்டு பேரும் இப்படியே கைக்கடிகாரம், கேமரா என்று பறிகொடுத்துவிட்டு, வந்த வேகத்தில் காலி செய்தவர்கள். தெருவே அவரைப் பற்றிக் கிசுகிசுத்தது. நர்ஸும் அவர் முகத்தைப் பார்க்காமல் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள். தான் இரவில் வேலைக்குப் போவது வீட்டுக்கார அம்மாவுக்கும் வீடு பிடித்துக் கொடுத்த தரகருக்கும் மட்டுமே தெரியும் என்றாள்.

பதினோரு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் தரகரின் கடையில் இருந்தார்.

"கடைசியா எப்ப அந்த ரூமுக்குப் போனீங்க?"

"சாவி குடுத்த அன்னிக்குத்தான். ரெண்டு மாசமா அந்தப் பக்கமே போகலை."

"வேற யாராவது உள்ள வந்திருக்கலாமா?"

"எப்படி மேடம்? சாவி அந்தம்மாகிட்ட. அந்த ஜன்னலைத் திறக்கவும் முடியாது."

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்துச் சாயங்காலம் வரைக்கும் அது நல்லாத் திறந்துச்சு. ராத்திரிதான் ஒட்டிக்கிச்சு. வெளியேருந்து பாத்தா வெறும் சாத்தின ஜன்னல். திறக்காதுன்னு உள்ளே நின்னு தள்ளிப் பாத்தவனுக்குத்தான் தெரியும்."

 தரகரின் மேஜை இழுப்பறையைத் திறந்ததும் சங்கிலி கிடைத்தது. கூடவே, குடிவைப்பதற்கு முன்பே வெட்டி வைத்திருந்த கள்ளச் சாவியும். குடியிருப்பவர் பயந்து ஓடினால் புது ஆள். புது ஆள் வந்தால் மறுபடியும் தரகு. கீழே வீட்டுக்கார அம்மா இருமிய சத்தத்தில் பதறித்தான் ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார்.

சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நர்ஸ் நேராகக் கீழ்வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டாள்.

"உன் இடத்துல நான் இருந்தா நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்," என்றார் வீட்டுக்கார அம்மா. "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கே. மேல போய்த் தூங்கு."