கூரைத் தகரத்தில் ஓர் அரசங்கன்று

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு ஜெபாவுடையது. அது 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மழை விடுவேனா என்று அடம்பிடித்தது.

சிமெண்ட் ஷீட் கூரையின் ஓரத்தில், தண்ணீர் ஓடுவதற்காக நீளமான தகர வாய்க்கால் ஒன்று உண்டு. அதில் சருகும் மண்ணும் அடைத்துப் புல் முளைத்திருந்தது. போதாததற்கு ஓர் அரசங்கன்றும் ஜம்மென்று நின்றது. போக வழியில்லாத தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் புகுந்து, சுவர் வழியாக வீட்டுக்குள் இறங்கியது.

அந்தச் சுவரோரம்தான் அம்மா மேரியின் தையல் மெஷின். கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுப் பிள்ளைகளின் வெள்ளைக் கவுன்கள் பாதி தைத்தபடி கிடந்தன. நேற்று ஒன்றின் மேல் பழுப்புத் தண்ணீர் சொட்டிவிட்டது. அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கறையைப் போக்குவதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

"இன்னொரு மழை வந்தா அவ்ளோதான் ஜெபா. எதைன்னு தொவைப்பேன்?" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியதை ஜெபா பார்த்துவிட்டாள்.

உடனே வீட்டின் சொந்தக்காரர் துளசிராமனிடம் ஓடி, ஆள் ஏற்றி வாய்க்காலைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டாள்.

"ஷீட்டு பழசும்மா. கால் வெச்சா ஒடைஞ்சு, ஆளு உள்ளே வுழுந்துடுவான். மழைக்காலம் போவட்டும், பாக்கலாம்," என்றார் அவர்.

மழைக்காலம் போன பிறகு எதற்கு? ஜெபா யோசித்தபடியே திரும்பி வந்தாள். மேலே ஏறக் கூடாது. சரி. கீழே நின்றே செய்தால்?

பக்கத்து வீட்டு ஹஸ்னாவைக் கூப்பிட்டாள். ஹஸ்னா வீட்டில் மிச்சமாகிக் கிடந்த நீளமான பிளாஸ்டிக் பைப்பை இருவரும் தூக்கி வந்தார்கள். அதன் நுனியில், வளைத்த தோசைத் திருப்பியை வைத்து, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார்கள். இன்னொரு குச்சியின் நுனியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துக் கட்டினார்கள்.

"கண்ணாடியில பாத்து நான் சொல்றேன். நீ வாரு," என்றாள் ஹஸ்னா.

ஜெபா முதல் முறை வாரினாள். தொப்பென்று ஒரு கூடைச் சேறு இருவர் தலையிலும் விழுந்தது.

"அய்யோ! இனிமே என் தலையிலயும் அரசமரம் மொளைக்கும்!" என்று கத்தினாள் ஹஸ்னா.

அடுத்த முறை அவள் குடை பிடித்துக்கொண்டாள். மழையே இல்லாமல் குடை பிடித்து நின்றவளைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். "இன்னாடி பண்ணிக்கினு இருக்கீங்க? அது என் தோசைத் திருப்பி ஆச்சே!"

அப்புறம் கீழே குவிந்திருந்த சருகைப் பார்த்தாள். கோபம் பறந்தது. "சரி, சரி. கரண்டு ஒயர் பக்கம் மட்டும் போவாதீங்க," என்றாள்.

புல் வந்தது. மண் வந்தது. அரசங்கன்று மட்டும் அசையவில்லை. பைப்பால் கயிற்றை மேலே தூக்கி, கன்றின் அடியில் சுருக்குப் போட்டாள் ஜெபா. ஹஸ்னா கயிற்றைக் கீழே இழுக்கப் போனாள்.

"இரு! கீழே இழுத்தா தகரமே கையோட வந்துடும். வாய்க்கால் கோடிக்குப் போய், நீளவாட்டுல இழுக்கணும்," என்றாள் ஜெபா.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் கயிற்றைப் பிடித்தாள். "ஏலேலோ!" என்று மூவரும் இழுத்தார்கள். கன்று வேரோடு பிடுங்கிக்கொண்டு வர, மூவரும் சேற்றில் மல்லாந்து விழுந்தார்கள்.

அடுத்த நொடி மழை பிடித்துக்கொண்டது.

மூவரும் உள்ளே ஓடிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே, தகர வாய்க்காலிலிருந்து இறங்கும் குழாய்க்குள் களக், களக் என்று ஏதோ திக்கியது. பிறகு மிச்சச் சருகையெல்லாம் துப்பிவிட்டு, தண்ணீர் ஹோவென்று வாசலில் கொட்டியது.

அம்மா சுவரில் கை வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. "என் கண்ணுங்களா!" என்று இருவரையும் சேற்றோடு கட்டிக்கொண்டாள்.

வாசலில் துளசிராமன் நனைந்தபடி நின்றிருந்தார். "ஏம்மா ஜெபா, எங்க ஊட்டுலயும் இதே பேஜாருதான். கொஞ்சம் வந்து பண்ணித் தர்றீங்களா?"

"நாளைக்கு வர்றோம் சார். இன்னிக்கு எங்களுக்குக் குளிக்கிற வேலை இருக்கு!" என்றாள் ஜெபா.

சொல்லிவிட்டு, ஹஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கொட்டும் குழாய்க்கு அடியில் ஓடிப்போய் நின்றாள்.