கேசட்டில் அம்மாவின் பங்கு

குவைத்திலிருந்து கேசட் வந்தால் சுராயாவின் வீட்டு வாசலில் செருப்பு விட இடம் இருக்காது.

அவளுடைய அத்தா ஷேக் தாவூது குவைத்தில் தையல் வேலை பார்த்தார். கடிதம் எழுதுவதென்றால் அவருக்கு இரண்டு வரிக்கு மேல் ஓடாது. அதனால் ஒரு கேசட் நிறையப் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். பாலக்கரையில் அந்தச் சந்து முழுவதும் அதற்காகக் காத்திருக்கும். ஏனென்றால் அத்தா எல்லாருக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார். பக்கத்து வீட்டுக் கமர் ஜஹான் மாமியின் முழங்கால் வலியை விசாரிப்பார். மாமியின் மகன் பரக்கத் அலிக்குப் புத்தி சொல்வார். ஒரு தடவை எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியைக்கூட விசாரித்திருக்கிறார்.

எல்லாரையும் விசாரித்து முடித்துவிட்டுக் கடைசியில், "நஜீமா, நீ உடம்பைப் பாத்துக்க" என்பார். அம்மாவின் பங்கு அவ்வளவுதான்.

பதில் கேசட் பதியும்போதும் அப்படித்தான். மாமி பேசுவாள், பரக்கத் பேசுவான், சந்தில் உள்ள சின்னப் பிள்ளைகள்கூடப் பேசும். கடைசியில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாங்க நல்லா இருக்கோம்" என்பாள். உடனே டக்கென்று பட்டனை அமுக்கிவிடுவாள். அத்தனை பேர் முகத்தைப் பார்க்கும்போது வேறு என்ன பேச முடியும்?

இந்தத் தடவை மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர். கேசட்டோடு ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது. பிரித்தால், கையடக்கமான ஒரு வாக்மேன். காதில் மாட்டிக்கொள்ள, கறுப்புப் பஞ்சு வைத்த ஹெட்போன்.

"பிள்ளைக்கு விளையாடக் குடுத்துவிட்டிருக்காரு" என்றாள் கமர் மாமி. எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். சுராயாவும் அப்படித்தான் நினைத்தாள்.

வீட்டில் இருந்த பெரிய டேப் ரிக்கார்டர் பெல்ட் அறுந்து ரிப்பேர் கடைக்குப் போயிருந்தது. அதனால் கேசட்டைக் கேட்க வாக்மேனை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் அதில் ஒருவர்தான் கேட்க முடியும்.

"சுராயா கேட்டுக் கேட்டுச் சொல்லட்டும்" என்றான் பரக்கத் அலி. "அவதான் ஒரு எழுத்து விடாம ஒப்பிக்கிறவ."

அது உண்மைதான். சுராயாவுக்குப் பதினொரு வயது. எதையும் வரிசை மாறாமல் செய்வாள். செய்து முடித்த பிறகு, செய்தது சரிதானா என்று இரண்டு தடவை யோசிப்பாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் சந்தின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. அத்தா அவளுடைய தலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசினார். சுராயாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

"அத்தா எல்லாருக்கும் சலாம் சொல்றாங்க" என்று கத்தினாள்.

"வ அலைக்கும் சலாம். ஏண்டி இந்தக் கத்துக் கத்துறே? நாங்க என்ன குவைத்லயா இருக்கோம்?" என்றாள் மாமி.

ஒரு வாக்கியம் கேட்பாள், நிறுத்துவாள், சொல்வாள். மாமியின் முழங்காலுக்குத் தைலம் வருகிறது. பரக்கத் அலி விசாவுக்கு அவசரப்படாமல் முதலில் டிரைவிங் லைசென்ஸ் எடுத்து வைக்க வேண்டும். அத்தா நடுவில் இருமியபோது, அதையும் விடாமல் இருமிக் காட்டினாள். அறை முழுவதும் சிரித்தது.

மறுபடி பட்டனை அமுக்கினாள்.

"இனிமே நான் பேசப் போறது நஜீமாவுக்கு மட்டும்" என்றார் அத்தா. குரல் தணிந்திருந்தது. "அதுக்காகத்தான் இந்தக் காதுல மாட்டுற மெஷினை வாங்கி அனுப்பினேன். நஜீமா, நான் ஊருக்கே திரும்பி வந்துடலாமான்னு..."

சுராயாவின் விரல் பட்டனைத் தேடிப் பிடித்து நிறுத்துவதற்குள் அவ்வளவும் காதில் விழுந்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு முகங்கள் அவளையே பார்த்தன. அம்மா சமையலறை வாசலில் நின்றாள்.

"என்ன சொல்றாரு?" என்றாள் மாமி.

சுராயா பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா வாயைத் திறப்பதற்குள் சந்து முழுக்கப் பேசி முடிவு செய்துவிடும். குவைத்தை விட்டுவிட்டு வருவார்களா என்று ஒருவர் கேட்பார். என் விசா என்ன ஆவது என்று பரக்கத் அலி கேட்பான். அத்தா கேட்டதோ அம்மாவிடம் மட்டும்.

பொய் சொல்லவும் அவளுக்கு வராது. "உங்களுக்கெல்லாம் உள்ளது முடிஞ்சுபோச்சு, மாமி" என்றாள்.

"முடிஞ்சாச்சா? அப்ப இப்படிக் கொடு. நானும் ஒரு தடவை மாட்டிப் பாக்குறேன்." மாமியின் கை ஹெட்போனை நோக்கி நீண்டது.

இப்போது பட்டனை அமுக்கினால், நிறுத்திய இடத்திலிருந்துதான் பேசும்.

"இருங்க மாமி" என்றாள் சுராயா. "உங்க இடத்துல வச்சுத் தரேன்."

டேப்பைப் பின்னால் ஓடவிட்டாள். தன் காதில் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு ஹெட்போனை மாமியின் தலையில் மாட்டினாள். வாக்மேனை மட்டும் யார் கையிலும் கொடுக்கவில்லை. கட்டைவிரல் நிறுத்தும் பட்டன் மேலேயே இருந்தது.

மாமியின் கண்கள் விரிந்தன. "இருக்கேன் தம்பி, அல்லா புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்று சந்துக்கே கேட்கும்படி பதில் சொன்னாள். "வலி மட்டும் போகவே மாட்டேங்குது தம்பி."

"ம்மா, அவருக்குக் கேக்காதும்மா" என்றான் பரக்கத் அலி. மாமிக்கு அதுவும் கேட்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் அவரவர் இடத்தில் வைத்துக் கொடுத்தாள் சுராயா. பரக்கத் அலி கடைசி. அவனுக்கான பேச்சு முடிந்ததும் அம்மாவுக்கான பேச்சு தொடங்கிவிடும். ஹெட்போன் அவன் காதில் இருந்தது. டேப் எந்த இடத்தில் ஓடுகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அத்தா பரக்கத்துக்குச் சொன்ன ஐந்து வாக்கியமும் அவளுக்கு மனப்பாடம். அத்தா பேசுகிற வேகத்திலேயே, இருமல் உட்பட, மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். 'லைசென்ஸை எடுத்து வை' என்று முடித்த நொடியில் பட்டனை அமுக்கினாள்.

"ஏன் நிறுத்திட்டே? லைசென்ஸ் எடுன்னாரு, அதுக்கு மேல?"

"உங்களுக்கு அவ்வளவுதான் அண்ணே."

அவரவர் பங்கை அவரவர் காதால் கேட்ட திருப்தியோடு எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள்.

வீடு காலியானதும் சுராயா அம்மாவிடம் போனாள். "இது எனக்கு வந்ததில்லம்மா. உனக்கு வந்தது. மீதி நீ மட்டும் கேக்கணுமாம்" என்றாள். "நிறுத்துறதுக்குள்ள நான் கொஞ்சம் கேட்டுட்டேன். அத்தா திரும்பி வந்துடலாமான்னு கேக்குறாங்க. தப்பாம்மா?"

அம்மா அவளையே பார்த்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாக்மேனை வாங்கினாள். முக்காட்டின் மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. சுராயா ஓசைப்படாமல் போய் மூடியை நகர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

அம்மா அதை மூன்று தடவை கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம், "வா, ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றாள். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் ஏறிய பிறகுதான் அம்மா பேசினாள்.

"அங்க சகாயநாதன்னு உங்க அத்தாவுக்கு ஒரு சிநேகிதர். அவர் கடை ஒண்ணு காலியா இருக்காம். அதுல தையக்கடை வைக்கலாமான்னு அத்தா கேக்குறாரு. எனக்கு எப்படிப் படுதுன்னு கேட்டு அனுப்பியிருக்காரு. வேற யார்கிட்டயும் கேக்க வேணாமாம்." ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தாள். "என்கிட்ட யாரும் இதுவரைக்கும் இப்படிக் கேட்டதில்ல சுராயா."

சாரம் கட்டிய பெரிய கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கினார்கள். கடை சின்னதுதான். பலகைக் கதவு பூட்டியிருந்தது. அம்மா இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். வாசலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடிமேல் அடி வைத்து நடந்து அளந்தாள்.

"மெஷினை இந்தப் பக்கம் போட்டா வெளிச்சம் நல்லா வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு திரும்பி, "நீ என்ன சொல்றே?" என்றாள்.

அத்தாவை வரச் சொல் என்பது சுராயாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளுக்கு நினைவு தெரிந்து அத்தா இரண்டு தடவைதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். இரண்டு தடவையும், 'எப்பத் திரும்பப் போறீங்க' என்று எல்லாரும் கேட்கக் கேட்கவே லீவு முடிந்துவிட்டது.

ஆனால் அத்தா கேட்டது அம்மாவை. தானும் இப்போது சொல்லிவிட்டால், அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரில் தானும் ஒருத்தி ஆகிவிட மாட்டோமா? அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"அத்தா உன்கிட்டதானேம்மா கேட்டாங்க" என்றாள் மெதுவாக.

"பெரிய மனுஷிதான் நீ" என்று அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். ஆனால் முடிவு என்னவென்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மண்ணச்சநல்லூர்க்காரர் திரும்பிப் போகிறார் என்று தகவல் வந்தது. அதற்குள் பதில் கேசட்டைக் கொடுத்தாக வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடையிலிருந்து வந்தது. அதன் பின்னாலேயே சந்தும் வந்துவிட்டது.

வழக்கம்போல எல்லாரும் பேசினார்கள். பரக்கத் அலி லைசென்ஸைப் பற்றி இரண்டு தடவை பேசினான். எதிர்வீட்டுக்காரர் ஆடு குட்டி போட்ட சேதியைச் சொன்னார். கேசட்டின் முதல் பக்கம் தீரும் நேரத்துக்கு அம்மாவின் முறை வந்தது.

"நாங்க நல்லா இருக்கோம்" என்றாள் அம்மா. இந்தத் தடவை உடனே பட்டனை அமுக்கவில்லை. உதடு அசைந்தது. சுற்றிலும் பார்த்தாள். பிறகு அமுக்கிவிட்டாள்.

அதை சுராயா பார்த்தாள்.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கமர் மாமி மட்டும் கதவோரம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமி வந்தால் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை எழுந்திருக்க மாட்டாள். பட்டப்பகலில் மாமியை வெளியே விட்டுக் கதவைச் சாத்தவும் முடியாது. சாத்தினால், ஏன் சாத்தினார்கள் என்பதே ஒரு வாரத்துக்குப் பேச்சாகிவிடும்.

சுராயா கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாக்மேனை எடுத்து வந்தாள்.

"மாமி, நாகூர்ப் பாட்டுக் கேக்குறீங்களா? இதுல கேட்டா பக்கத்துலயே உக்காந்து பாடுற மாதிரி இருக்கும்."

"என்னைக்குக் கேப்பேன்னு இருந்தேன்டி. நீயே கேட்டுட்டே."

"வாசப்படிக்கு வாங்க மாமி. அங்கதான் காத்து வருது."

மாமியைக் கைப்பிடித்து எழுப்பி வாசப்படியில் உட்கார வைத்தாள். ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். உள்ளே ஓடிப்போய் டேப் ரிக்கார்டரில் இருந்த கேசட்டைப் புரட்டி, இரண்டாம் பக்கத்தைப் போட்டாள்.

"அம்மா, இந்தப் பக்கம் முழுக்கக் காலியா இருக்கு. இப்ப யாரும் இல்ல" என்றாள். "நானும் இல்ல."

வெளியே வந்து மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே அம்மா தொண்டையைச் செருமுவது கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று சுராயா நினைத்தாள். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. மாமி பாட்டோடு சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டாள். தன் குரல் தனக்குக் கேட்காததால், தான் எவ்வளவு சத்தமாகப் பாடுகிறோம் என்பதும் மாமிக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு ஆடு எழுந்து நின்று பார்த்தது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் சத்தத்தில் உள்ளேயிருந்து ஒரு வார்த்தைகூட சுராயாவுக்குக் கேட்கவில்லை. அம்மா என்ன முடிவு சொல்கிறாளோ என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவருகே நிற்கலாம். யாருக்கும் தெரியாது. அவள் எழுந்திருக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, மாமியின் பாட்டில் எத்தனை இடத்தில் சுருதி விலகுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

ரொம்ப நேரம் ஆயிற்று. ஒரு நிமிடத்துக்கு மேல் கேசட்டில் பேசாத அம்மா அரைமணி நேரம் கழித்து வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

"சுராயா, வேற கேசட் இருக்கா?"

"ஏம்மா? சரியாப் பதியலையா?"

"பதிஞ்சிருக்கு. அந்தப் பக்கமும் தீந்துபோச்சு" என்று அம்மா சிரித்தாள். "வந்துடுங்கன்னு சொல்லிட்டேன். வரும்போது என்னென்ன வாங்கிட்டு வர வேணாம்னு சொல்றதுக்குள்ள நின்னுடுச்சு."