பனியில் மாட்டிய கப்பல்

"ரெண்டுல ஒண்ண அழிச்சிரு. சோலி முடிஞ்சுது."

"எத அழிக்க?"

"ஒனக்குப் பிடிக்காதத. சீக்கிரம் சொல்லுட்டி, எனக்கு அசைன்மென்ட் கெடக்கு."

சஃப்ரின் போனை லேப்டாப்பின் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். மறுமுனையில் பாஹிமா. சஃப்ரினின் பெரியம்மா மகள்; அவளுக்கு லாத்தா, அதாவது அக்கா. தென்காசியில் தங்கி கம்ப்யூட்டர் படிக்கிறாள். வடகரையில் இருக்கும் சஃப்ரின் படிப்பது ஆறாம் வகுப்பு.

"லாத்தா, எனக்கு ரெண்டுமே வேணும்."

"அது எப்படிட்டி? ஒரே இடத்துல ரெண்டு பேரும் வேற வேற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க. எத வச்சுக்கிடணும்னு கிட்டுக்குத் தெரியல. அதான் கான்ஃப்ளிக்ட்னு கத்துது."

சஃப்ரினின் வாப்பா, பாஹிமாவுக்குச் சாச்சா, ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறார். கடைசியாக ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, பழைய லேப்டாப்பில் கிட் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். அது கறுப்புத் திரை. கட்டளை அடித்தால் வேலை செய்யும். இங்கே சஃப்ரின் ஒரு பத்தி எழுதுவாள். அங்கே வாப்பா ஒரு பத்தி எழுதுவார். கிட் இரண்டையும் ஒரே கதையாகச் சேர்த்துவிடும். அப்படி எழுத ஆரம்பித்து மூன்று சாரல் காலம் ஆகிவிட்டது.

கதையில் லீனா என்று ஒரு பெண். பனி நாட்டில், கடல் ஓரத்தில், ஒரு கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கிறாள். அவளுடைய அப்பா கப்பலில் போயிருக்கிறார். சஃப்ரினும் வாப்பாவும் பனியைப் பார்த்ததே இல்லை. சந்தேகம் வந்தால் இவள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பாள். அவர் தங்கியிருக்கும் கேம்பின் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்.

எழுதும் முன் 'கிட் புல்' அடித்து, மற்றவர் எழுதியதை வாங்கிக்கொள்ள வேண்டும். அது அவர்கள் வைத்திருந்த ஒழுங்கு. வியாழக்கிழமை சாரல் காற்றில் நெட் போய்விட்டது. புல் அடித்தாள், வரவில்லை. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று வகுப்பில் எல்லாரும் பேசியிருந்தார்கள். இந்தச் சாரலுக்கு வருவதாக வாப்பா சொல்லியிருந்தார். சஃப்ரினால் பொறுக்க முடியவில்லை. எழுதிவிட்டாள்.

இன்று சனிக்கிழமை. நெட் வந்ததும் அனுப்பிப் பார்த்தாள். போகவில்லை. புல் அடித்தாள். திரையில் இப்படி வந்து நின்றது:

<<<<<<<
சாரல் விழுந்த அன்று அப்பாவின் கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. லீனா ஓடினாள்.
=======
கப்பல் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டது. இந்த வருஷம் அது கரைக்கு வராது. இதை லீனாவிடம் எப்படிச் சொல்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.
>>>>>>>

"மேல உள்ளது ஒன்னோடது. கீழ உள்ளது சாச்சாவோடது" என்றாள், சஃப்ரின் வாசித்துக் காட்டியதைக் கேட்ட பாஹிமா. "ஆமா, பனி நாட்டுல சாரல் எப்படிட்டி விழும்?"

"எங்க கதை. விழும்."

"சரி, விழட்டும். கீழ உள்ளத அழிச்சிரு. சாச்சா எழுதினது ஒரே அழுகாச்சி. ஒன்னோடதுல கப்பல் வந்துருது, எல்லாருக்கும் சந்தோஷம்."

சஃப்ரின் கீழே இருந்ததை மறுபடி படித்தாள்.

நேற்று போனில், "லீவு கெடச்சிருச்சா வாப்பா?" என்று கேட்டிருந்தாள். "கதைல எழுதி வச்சிருக்கேன்மா, படிச்சுக்கோ" என்று மட்டும் வாப்பா சொன்னார்.

கதவுக் கொண்டியில் ஒரு பை தொங்கியது. ஐந்தருவிக்குப் போக அவள் எடுத்து வைத்தது. உள்ளே இரண்டு துண்டுகள். காற்றில் பை லேசாக ஆடியது.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன்."

"அழிச்சிட்டியா?"

அழித்துவிடலாம். வாப்பா திறந்து பார்க்கும்போது கப்பல் வந்திருக்கும். ஆனால் அவர் இதை மறுபடி ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும். ஒரு தடவை சொல்லவே அவருக்கு ஒரு கப்பலும் இவ்வளவு பனியும் தேவைப்பட்டிருக்கிறது.

"லாத்தா, அழிக்கேன்."

"எத?"

"என்னோடதுல பாதிய."

"பாதியா? நீயும் ஒன் கதையும்!"

முதலில் அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். வாப்பாவின் வரிகளை அப்படியே விட்டாள். தன் வரியில் சாரலை மட்டும் வைத்துக்கொண்டு, அவருடைய வரிகளுக்குக் கீழே எழுதினாள்:

'லீனாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. சாரல் விழுந்த அன்று அவள் துறைமுகத்துக்கு ஓடவில்லை. மாடிக்கு ஏறி, விளக்கை இன்னும் கொஞ்சம் பெரிதாக ஏற்றி வைத்தாள்.'

"சேத்துட்டேன் லாத்தா."

"இனி கிட் ஆட் அடி. பெறவு கிட் கமிட். என்ன மாத்துனேன்னு ஒரு வரி கேக்கும், எழுது. கடைசில புஷ் அடிச்சா சாச்சாவுக்குப் போயிரும். நான் வைக்கட்டா?"

போன் அணைந்தது. உம்மா கடைக்குப் போயிருந்தாள். தென்னை ஓலைகளில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளிக்கூடத்தில் லீனாவைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இந்த உலகத்தில் சஃப்ரினைத் தவிர அவளை நன்றாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

கிட் ஆட் அடித்தாள். கமிட் அடித்தாள். என்ன மாற்றினாய் என்று கேட்கும் இடத்தில் நிதானமாக எழுதி முடித்து, புஷ் அடித்தாள். இந்த முறை போய்விட்டது.

ஷார்ஜாவில் வாப்பா புல் அடித்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கும்போது, அந்த வரிதான் முதலில் தெரியும்:

'வாப்பா, கப்பல் கரைக்கு வர்ற இடத்த நான் எழுதாம விட்டிருக்கேன். அந்த ஒரு வரிய மட்டும் நீங்களே எழுதுங்க.'