மேலிருந்து கீழாகத் திறக்கும் படம்

படத்தில் றஸ்னாவுக்கு முன்பற்கள் இரண்டும் இருந்தன.

றபீக்கா கம்ப்யூட்டர் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். பெருநாளன்று எடுத்த படம். மகளுக்கு அப்போது ஆறு வயது; முன்பல் இரண்டும் விழுந்த வாயைக் காட்டிச் சிரித்திருந்தாள்.

"இஞ்ச பாருங்க. பல்லு முளைச்சிரிக்கி."

"இந்த மங்கல் திரையில பல்ல எண்ணுறியா நீ?" என்றான் கணவன் பளீல். மேலிருந்து கோடு கோடாகத் திறந்த படம் பற்களோடு நின்றுவிட்டது. கீழே வெறும் சாம்பல் நிறம். "கிழட்டு யானை புள்ள இது. அவசரப்படுத்தினா படுத்திரும். உட்டா தானா எழும்பும்."

மஞ்சளாகிப்போன பெட்டியின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். கல்முனைக் கடைத்தெருவின் மாடி வகுப்பில் அவன் முதன்முதலாகப் படிப்பித்தது இதில்தான். வகுப்புக்குப் புதியவை வந்தும் இதை விற்க மனம் வரவில்லை. மாடியில் இருந்ததால் சுனாமியன்று கடல் இதைத் தொடவில்லை. வீட்டை எடுத்தது. றஸ்னாவை எடுத்தது. அடக்க மையித், அந்தச் சின்ன உடல், கிடைக்கவில்லை.

படம் மாட்டிய வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று பளீல் மகளின் படத்தைச் சுவரில் தொங்கவிடவில்லை. ஸ்கேன் பண்ணி இதற்குள் வைத்தான். எஞ்சிய படம் இது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் றபீக்கா இந்தப் படத்தைக் கேட்டாள். வடக்கு முகாம்களில் யாருமற்ற பிள்ளைகள் இருக்கிறார்களாம். மிதந்த பிள்ளையை ஏதாவது தோணி அங்கே கொண்டுபோயிருக்கலாம். அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். நாளைக்கு பஸ்.

"ஆறு வயசுப் படத்தக் காட்டி, பதினொரு வயசுப் புள்ளயத் தேடப் போறாய்."

"உங்களுக்கு அவ மவுத்து. எனக்கில்ல."

அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பளீல் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனான்.

அவன் செருப்புச் சத்தம் ஒழுங்கையில் தேய்ந்து மறைந்ததும், பெட்டியின் விசிறி இரைச்சலுக்கு அடியில், பலகையை உள்ளிருந்து யாரோ நகத்தால் பிறாண்டுவதுபோல் வட்டு அசையத் தொடங்கியது. சூடேறிய தூசு மணத்தது. அதற்குள் ஈரமும் உப்புமாக இன்னொரு வாடை மெல்லக் கசிந்தது.

ஒரு கோடு இறங்கியது. இன்னொன்று.

கீழ் உதடு. நாடி. வட்ட முகம் நீண்டிருந்தது. முடி தோளைத் தாண்டியிருந்தது.

"வளந்திட்டாள்." றபீக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அல்ஹம்துலில்லாஹ். என்ட புள்ள உசிரோட இரிக்கா."

கண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

கழுத்து. பெருநாள் உடுப்பு இல்லை. கடல் வந்த அந்த ஞாயிறு காலை அவளே போட்டுவிட்ட பூப்போட்ட கவுன். ஆறு வயதுக் கவுன். தோளில் இறுகி, தையல் பிரிந்திருந்தது.

கைகள். நகங்கள் நீண்டு சுருண்டிருந்தன.

பின்னால் இருந்தது சுவரில்லை. மணல்.

றஸ்னா நிற்கவில்லை. கிடந்தாள்.

றபீக்கா சுவிட்சை அமத்தினாள். அணையவில்லை. வயரைப் பிடுங்கினாள்.

கோடுகள் இறங்கின.

மகளின் இடப்பக்கம் ஒரு பிள்ளை. வலப்பக்கம் ஒன்று. அப்பால் இன்னும். சுனாமிக்குப் பிறகு யாரென்று தெரியாமல் ஒரே குழியில் புதைக்கப்பட்டவர்கள். எல்லாரும் வளர்ந்திருந்தார்கள். ஒருவர் முழங்கை மற்றவர் விலாவுக்குள். எல்லாக் கண்களும் திறந்திருந்தன.

றஸ்னாவின் முழங்கால்கள் நெஞ்சோடு மடங்கியிருந்தன. குழிக்குள் காலை நீட்ட இடம் போதவில்லை.