கேட்காமல் கிளம்பும் வண்டி

காலை ஒன்பதரை மணிக்கு என் மனைவி ஆவுடைச்செல்வி நான்காவது முறையாக வண்டியை விட்டு இறங்கி, வீட்டுக்குள் வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசலில் வண்டி கதவைத் திறந்து வைத்தபடி பொறுமையாக நின்றது. சீனத்திலிருந்து கப்பலேறி வந்த யான்லு என்னும் தன்னோட்ட மின்வண்டி அது. எங்கள் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"இப்பவும் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு. 'வணக்கம் அம்மா, எங்கே போக வேண்டும்?'னு தேன் ஒழுகக் கேக்குது. வெளிய கிளம்புத மனுசிகிட்ட எங்க போறன்னு கேட்டா, போன காரியம் வெளங்குமா?"

ஐந்து நிமிடம் கழித்துப் போனாள். ஐந்தாவது முறையும் அது அதே அன்போடு கேட்டது. அன்றைக்கு அவள் சந்தைக்குப் போகவே இல்லை. மதியம் வெறும் ரசம்தான். தப்பு வண்டியுடையது என்றாலும் ரசத்தை நானும் சேர்ந்துதான் குடித்தேன்.

இந்த 2058இல் வெளிநாட்டு வண்டி எதுவும் நினைத்தவுடன் தமிழ்நாட்டில் விற்பனைக்கு இறங்கிவிட முடியாது. முன்பு ஏதோ ஒரு நாட்டு வண்டி, தேரோட்டத்தன்று ரத வீதியில் தேரையே ஒதுங்கச் சொல்லி அரைமணி நேரம் ஹாரன் அடித்ததாம். அதற்குப் பிறகு வந்ததுதான் வீட்டேற்புச் சட்டம். விற்பனைக்கு முன், ஒரு வண்டி ஒரு வீட்டில் தொண்ணூறு நாள் வாழ வேண்டும். அங்கே அது பழகும் பழக்கமே அந்த நிறுவனத்தின் எல்லா வண்டிகளுக்கும் போகும். தொண்ணூறாம் நாள் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டால் உண்டு. இல்லையென்றால் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பலிலிருந்து கார் இறக்கியவன் நான். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டைக் கேட்டார்கள். செல்வியிடம் கலந்துகொள்ளாமலே சரி என்றேன். காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கண் அழுத்த நோய் என் பார்வையின் ஓரங்களைத் தின்றுவிட்டது. என் கையோட்ட உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். அன்றோடு செல்வியும் வெளியே போவதை விட்டுவிட்டாள். முள்ளக்காட்டில் இருக்கும் தங்கச்சி வீடு, கடற்கரை, கல்யாணம் காட்சி எல்லாம் போயிற்று. கேட்டால் கால் வலி என்பாள். முடிந்தவரை எல்லாம் வாசலுக்கே வரவழைத்துக்கொள்வாள். இந்த வண்டியும் திரும்பிப் போனால் அவள் நான்கு சுவருக்குள்ளேயே இருந்துவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் நிறுவனத்தின் பொறியாளர் லின் வந்தாள். முப்பது வயதுப் பெண். நாலு வருடம் உட்கார்ந்து தமிழ் படித்தவள். பேசினால் பாடப்புத்தகம் பேசுவது போலிருக்கும்.

"அம்மா, எலுமிச்சம்பழம், கற்பூரம், ராகு காலம் என ஆயிரத்து இருநூறு வழக்கங்களை நாங்கள் சேகரித்தோம். இதை ஒருவரும் சொல்லவில்லையே!"

"இதையெல்லாம் யாரு தாயி உக்காந்து சொல்லுவா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?" என்றாள் செல்வி. அவளுக்கு லின்னைப் பிடித்திருந்தது. வண்டியைத்தான் பிடிக்கவில்லை.

லின் அதன் குரலை நிறுத்தினாள். கேள்வி திரையில் எழுத்தாக வந்தது. செல்வி இறங்கிவிட்டாள். "எழுதிக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதான்." முந்தின நாளே சொல்லி வைக்கலாமே என்றாள் லின். "நாளைக்கு எனக்கு என்ன தோணுமோ, அதை இன்னைக்கே எப்படிச் சொல்ல?" என்றாள் இவள். லின் தலையில் கை வைத்துக்கொண்டாள். சேருமிடம் தெரியாமல் நகர்கிற வண்டி உலகத்தில் எங்குமே இல்லையாம்.

"அப்படியானால் ஐயா ஓட்டிய காலத்தில் எப்படிப் போனீர்கள்?"

"அவுகளா? அவுக ஒருநாளும் கேட்டதில்லயே" என்றாள் செல்வி, இதில் என்ன அதிசயம் என்பதுபோல.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. முப்பத்தொரு வருடம் அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருநாளும் எங்கே என்று கேட்டதில்லை. இந்த இரண்டு வருடமாக ஊரில் ஓடும் வாடகை வண்டிகளில் அவள் ஏன் ஏறவில்லை என்பதும் புரிந்தது. கால் வலி எல்லாம் சும்மா. எல்லா வண்டியும் கேட்டிருக்கிறது.

"எப்படித் தெரிந்துகொண்டீர்கள், ஐயா?" லின் குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

யோசித்து யோசித்துச் சொன்னேன். மஞ்சள் பை எடுத்தால் சந்தை. வெயிலே இல்லாத நாளிலும் குடை எடுத்தால் தங்கச்சி வீடு, அந்தத் தெருவில் நிழல் கிடையாது. பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் பக்கத்தில். இரண்டு தடவை இழுத்தால் தூரம். பூ வைக்காமல் வெளுத்த சேலை கட்டினால் துக்க வீடு, அன்று மெதுவாகப் போக வேண்டும். இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடல். எங்கேயும் கை வைக்காமல் மடியில் கையைக் கட்டி உட்கார்ந்தால் மனசு சரியில்லை. துறைமுகச் சாலையில் சும்மா ஒரு சுற்று.

"தெரியாவிட்டால்?"

"தெருமுனை வரைக்கும் எங்க போனாலும் ஒரே வழிதானம்மா? முதல்ல கிளம்பிரணும். முனைக்குப் போறதுக்குள்ள புரிஞ்சிரும். தப்பாத் திரும்புனா 'இந்தப் பக்கம்'னு சொல்லுவா. அவளாச் சொன்னா அது கேட்டதாகாது."

லின் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு நிறுவனத்து ஆட்களிடம் போனில் சீன மொழியில் படபடவென்று பேசினாள். ஒரு வாரத்தில் வண்டி கேட்பதை நிறுத்தியது. செல்வி ஏறி உட்கார்ந்ததும் தெருமுனைக்கு ஊர்ந்து போகும். அவள் பையையும் குடையையும் பார்க்கும். முதலில் அது அடித்த கூத்துக்கு அளவில்லை. பட்டுச்சேலையோடு மீன் ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கியது. தையல்காரரிடம் போக வேண்டியவளைத் துக்க வீட்டு வேகத்தில் ஊரைச் சுற்றிக் காட்டியது. ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து அதைத் திட்டுவாள். ஆனால் மறுநாள் போவாள். அவள் திட்டத் திட்ட எனக்கு உள்ளே குளிர்ந்தது.

எண்பத்து நான்காம் நாள் அப்படி இல்லை. சாயங்காலம் செல்வி கதவைத் திறந்துகொண்டு போகும் சத்தம் கேட்டது. பூட்டு இழுபடவில்லை, நான் வீட்டிலேயே இருந்ததால். பை எடுத்தாளா, குடை எடுத்தாளா, தெரியவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். நடுவில் இருந்த கொஞ்சப் பார்வையும் அதற்குள் புகைபடிந்திருந்தது. வண்டி ஒரு வெள்ளை அசைவாக நகர்ந்து போயிற்று. அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாமல் போனது அதுதான் முதல் தடவை. அந்த வண்டிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகையே வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சுண்டல் தாளித்தாள். மறுநாள் வந்த லின், "பயணப் பதிவு இருக்கிறது, ஐயா. பார்க்கலாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் சொல்லாததை இயந்திரத்திடம் கேட்டு வாங்குவது திருட்டு.

தொண்ணூறாம் நாள் போக்குவரத்துத் துறை அதிகாரி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். லின் கதவோரம் நின்றாள். தினமும் வண்டியில் போய்வருபவள் செல்வி என்பதால் அதிகாரி அவளிடம்தான் கேட்டார். "ஏத்துக்கிடுதீங்களாம்மா? காரணம் ஒரு வரி சொல்லுங்க, பதியணும்."

செல்வி சொன்னாள். "போன வாரம் ஒரு சாயங்காலம் இவுகளோட கண் டாக்டர் போன்ல பேசுனாரு. இனிமே திரும்பாதுன்னு சொல்லிட்டாரு. வீட்ல அழுதா இவுகளுக்குக் கேக்கும். எங்க போகன்னு தெரியாமப் போயி உக்காந்தேன். அது ஒண்ணும் கேக்கல. துறைமுகச் சாலைல கூட்டிட்டுப் போச்சு. துறைமுகத்துப் பழைய பச்சை கேட் பக்கம், இவுக வேலை பாத்த இடம், போதும் நில்லுன்னேன். நின்னுச்சு. அழுது முடிச்சேன். கூட்டிட்டு வந்துச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நம்ம வீட்டு வண்டிதான். எழுதிக்கோங்க."

அதிகாரி அதையே எழுதிக்கொண்டார். லின் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். கண் விஷயம் எனக்கு முன்பே தெரியும். அதே டாக்டர் என்னிடமும் சொல்லியிருந்தார். அவள் தாங்க மாட்டாள் என்று நானும் மறைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே சேதியை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு சுண்டல் தின்றிருக்கிறோம்.

ஆறு மாதத்தில் யான்லு வண்டிகள் மாநிலமெங்கும் ஓடின. எல்லாம் கேட்காமல் கிளம்பி, தெருமுனையில் யோசித்துத் திரும்புகின்றன. மஞ்சள் பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற மதுரைக்காரர்கள் எங்களைத் திட்டுவதாகக் கேள்வி. லின் சொந்த ஊரிலிருந்து பேசினாள். அங்கே விற்கும் வண்டிகளிலும் இந்தப் பழக்கத்தைச் சேர்த்துவிட்டார்களாம். ஒருநாள் அலுத்துப்போய் ஏறி உட்கார்ந்தவளை அது அவள் அப்பா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதாம். மூன்று வருடமாக அவள் போகாத வீடு.

நேற்று செல்வி என்னையும் கையைப் பிடித்து ஏற்றினாள். எனக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். வண்டி பேசாமல் கிளம்பியது. தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்பியது என்று உடம்பு சொன்னது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. அவள் பை என்ன நிறம், சேலை என்ன சேலை, முகம் எப்படி இருக்கிறது, எதுவும் எனக்கு இல்லை. வேறு வழியில்லாமல், இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் கேட்டேன்.

"செல்வி, எங்க போறோம்?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வண்டி வேகத்தைக் குறைத்தது. அவள் இறங்குவாள் என்று அதுவும் நினைத்துவிட்டது போலும்.

"நீ போ" என்றாள் அதனிடம். பிறகு நகர்ந்து என் தோளோடு ஒட்டி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். "தங்கச்சி வீட்டுக்குத்தான். இப்ப உப்பளம் தாண்டுதோம். உப்பைக் குவிச்சு ஓலை போட்டு மூடிருக்காங்க. ஒரு பொம்பள வாளியத் தூக்கிட்டுப் போறா. உங்க பக்கம் மேகமா இருக்கு..."